புதுப்பிப்பு: ஓனர் ஓட்டினா ஸ்மூத், நான் ஏறினா குலுக்குற மார்வாரி குதிரை - காரணம் கிடைச்சிருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, ரேவால் நடை (குலுக்காம வேகமா போற நடை) போடுற மார்வாரி இனப் பெண்குதிரை, விக்கிறவர் ஏறினா தண்ணி தளும்பாம போகுது, நான் ஏறினா இடுப்பு கழண்டுடுது, வாங்கலாமா வேணாமான்னு. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ஸ்லோமோஷன்ல வீடியோ எடுத்து பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுதான் கை கொடுத்துச்சு. விக்கிறவர் ஓட்டும்போது நாலு குளம்பும் தனித்தனியா விழுது, நான் ஏறினா ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்தே விழுது, அதாவது வெறும் பேஸ் (pace) நடை, அதான் அந்த குலுக்கல். நான் என் ஓட்டுற லட்சணம்தான் காரணம்னு நெனச்சிட்டு இருந்தேன், பாத்தா அவர் கம்பளி மட்டும் போட்டு ஓட்டுறார், நான் என்னோட சேணத்தை கொண்டுபோய் கட்டியிருக்கேன். கால்நடை டாக்டர் குதிரையோட முதுகை அமுக்கினதும் வலியில அது அப்படியே பள்ளமா வளைஞ்சுது, சேணம் குறுகலா இருந்து தோள்பட்டைய கவ்வியிருக்கு.

பத்து நாள் ரெஸ்ட், அகலமான சேணம், நான் ஏறினாலும் நாலு குளம்பும் தனித்தனியா விழுற நடை திரும்ப வந்துருச்சு. எதிர்பாக்காதது என்னன்னா பல்லை பாத்தா சொன்ன வயசை விட ரெண்டு மூணு வருஷம் கூட இருக்கும்னாரு டாக்டர், அதை வெச்சு விலையை குறைச்சு வாங்கிட்டேன். பழைய சேணம் விக்கிறதுக்கு இருக்கு, ஒல்லி முதுகு குதிரை வெச்சிருக்கவங்க மட்டும் கேளுங்க.