எங்க வீட்டு குரூப், ஞாயிறு காலை

ஹாலந்து அண்ணன்: (3 படங்கள்)
நேத்து எல்லை தாண்டி பெல்ஜியம் போனோம். எபென் எமேல் கோட்டை. மாஸ்ட்ரிக்ட்ல இருந்து பக்கம்தான். உள்ள சுரங்கத்துல நடந்து நடந்து கால் கழண்டு போச்சு

சின்னத்தை: கோட்டைங்கிற, புல்லு முளைச்ச மேடுதான தெரியுது

ஹாலந்து அண்ணன்: எல்லாம் பூமிக்கு அடியில அத்தை. அந்தப் புல்லுதான் கூரை. அது மேல சிப்பாய்ங்க ஃபுட்பால் ஆடுவாங்களாம்

பெரியப்பா: கூரையில கண்ணிவெடி புதைக்கல. 1940 மே 10 விடியறப்ப ஜெர்மன்காரன் இன்ஜின் இல்லாத கிளைடர்ல சத்தமில்லாம அங்கேயே இறங்கிட்டான். 80 சொச்சம் பேர்தான். மறுநாளே கோட்டை சரண்

மாமா: பெல்ஜியம்காரன் யார் பக்கமும் இல்ல, நடுநிலைன்னு சொல்லிட்டு ராணுவத்துக்கு சல்லிக்காசு செலவழிக்காம தூங்கிருப்பான் 😴

பெரியப்பா: அதான் இல்ல மாப்ள. அந்தக் கோட்டையே 1930கள்ல புதுசா கட்டினது. 1936 கடைசியில கட்டாய ராணுவ சேவையை 17 மாசமா ஏத்தினாங்க. 1940ல 6 லட்சம் பேருக்கு மேல ஆயுதத்தோட நின்னாங்க. ஜனத்தொகையே 80 லட்சம் சொச்சம்

நான்: அப்புறம் எதுக்கு நடுநிலை பெரியப்பா?

பெரியப்பா: அந்த சேவை மசோதா பாஸ் ஆகணுமே! 1920ல பிரான்ஸோட ராணுவ ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. டச்சு பேசற ஃப்ளெமிஷ்காரங்களுக்கு அது ஆகவே ஆகாது. முதல் உலகப் போர்ல அவங்க பசங்களுக்கு ஃப்ரெஞ்சுலதான் உத்தரவு போடுவாங்க, அந்தக் கோபம் வேற. சோஷலிஸ்டுகளும் முரண்டு. பிரான்ஸுக்காக எங்க பையன் ஏன் சாகணும்னு கேட்டாங்க

பெரியப்பா: 1936 மார்ச்ல அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டாங்க. ஒட்டினாப்லயே படையே வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருந்த ஜெர்மன் எல்லைப் பகுதி ரைன்லாந்துக்குள்ள ஹிட்லர் படையை அனுப்பினான், பிரான்ஸ் கையைக் கட்டிட்டு நின்னது. அக்டோபர் 14 அன்னைக்கு ராஜா மூணாம் லியோபோல்ட் மந்திரிசபையில சொல்லிட்டார், இனிமே யார் பக்கமும் இல்லைன்னு. அதுக்கப்புறம்தான் மசோதா தேறுச்சு

சின்னத்தை: வீட்டுச் சண்டையை அடக்க ஊர் உறவை அறுத்த கதை

பெரியப்பா: 👌 ஆனா 1937ல பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூணுமே உத்தரவாதம் குடுத்துச்சு

மாமா: ஹிட்லர் உத்தரவாதமா 😂😂

பெரியப்பா: கேளு. 1940 ஜனவரி 10, ஒரு ஜெர்மன் விமானம் வழி தவறி பெல்ஜியத்துல விழுந்தது. உள்ள படையெடுப்புத் திட்டக் காகிதம். விஷயத்தை பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் சொன்னாங்க. ஆனா அவங்க படையை உள்ள விடல

நான்: கையில திட்டமே கிடைச்சுமா??

பெரியப்பா: விட்டா அதையே சாக்கா வச்சு ஜெர்மனி பாயும்னு பயம். மே மாசம் பாஞ்சப்புறம்தான் கூப்பிட்டாங்க. 18 நாள் தாக்குப்பிடிச்சாங்க

மாமா: முன்னாடியே கூப்பிட்டிருக்கணும் மச்சான். நான் ஒத்துக்கல

பெரியப்பா: ராஜா கூப்பிடலாம், பார்லிமென்ட் விடணுமே. சரி தம்பி, ஆல்பர்ட் கால்வாய் படம் இருந்தா போடு. அந்தக் கால்வாய் மேல இருக்கிற பாலங்களைக் காக்கத்தான் கோட்டையே

ஹாலந்து அண்ணன்: இருக்கு பெரியப்பா. என் பொண்ணு தலை குறுக்க வந்திருக்கு, பரவாயில்லையா?

சின்னத்தை: அதை முதல்ல போடு!