அட்டைப்படத்தில் வந்தால் அடிபடுமா? மேடன் சாபமும் எங்கள் ஊர்ப் பதாகையும்

செம்மண்சாலை (சுங்கை சிப்புட்):
வணக்கம். படிவம் நான்கில் பயிலும் என் மகன் சென்ற ஆண்டு அதிகக் கோல் அடித்தவன் என்பதால், தோட்டத் திடலில் நடக்கவிருக்கும் எழுவர் காற்பந்துப் போட்டிக்கான பதாகையில் போட ஏற்பாட்டாளர்கள் அவன் படத்தைக் கேட்டார்கள். அவனோ மறுத்துவிட்டான். அமெரிக்கக் காற்பந்தின் ‘மேடன்’ வீடியோ கேம் அட்டையில் வந்தவர்களுக்கெல்லாம் அடிபட்டதாம். 2003-இல் அந்த அட்டையில் வந்த மைக்கல் விக், கேம் வெளிவந்த சில நாள்களிலேயே காலெலும்பு முறிந்து, அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்களை இழந்தாராம். இதைக் கேட்ட என் தாயார், "நான் சொன்னால் கேட்டீர்களா, வெள்ளைக்காரனே சொல்கிறான்" என்று, பேரனோடு அவனுடைய ஃபிஃபா 20 காற்பந்து வீடியோ கேம் பெட்டிக்கும் சேர்த்து உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி துளியும் வரவில்லை; அதனால் கண்ணூறு பலமானது என்று முடிவு கட்டிவிட்டார். இந்தச் சாபக் கதையில் உண்மை எவ்வளவு?

பழைய கோல்காவலர்:
உங்கள் தாயார் சுற்றிய பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், ஈடன் ஹசார்ட் நிற்பார். 2019-இல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனவர், கணுக்கால் காயம் மாறி மாறி வந்து, 2023-இல் 32 வயதிலேயே ஓய்வு பெற்றார். ஃபிஃபா 12-இன் பிரிட்டன் பதிப்பு அட்டையில் ரூனியோடு நின்ற ஜேக் வில்ஷியர், அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆயிரம் கண் ஒருவன் மேல் விழுவது சாதாரணமன்று. படம் கொடுப்பதானால் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கம்பத்தில் கட்டிவிடுங்கள், செலவு ஒன்றுமில்லை.

கணக்குவாத்தியார்:
ஐயா சொன்ன காயங்கள் உண்மைதான், ஆனால் காரணம் அட்டை அன்று. மேடன் அட்டையில் வந்த ஷான் அலெக்ஸாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 பருவத்தில் அவர் 370 முறை பந்தை ஏந்தி ஓடி, 1,880 கஜம் கடந்து, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். அதனால்தான் 2006-இல் அட்டைப்படம் கிடைத்தது. அந்தப் பருவத்தில் பாத எலும்பு முறிந்து ஆறு ஆட்டங்களை இழந்தார். பந்தை ஏந்தி ஓடும் ஒவ்வொரு முறையும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆள்கள் வந்து சாய்க்கும் ஆட்டத்தில் 370 முறை ஓடிய உடம்பு, யாருமே படம் எடுக்காமல் விட்டிருந்தாலும் மறு ஆண்டு அதே வேகத்தில் ஓடியிருக்குமா? நம் வீட்டுக் கொல்லை ரம்புத்தான் ஒரு பருவம் கிளை ஒடியக் காய்த்தால் அடுத்த பருவம் ஓய்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டார் கண் பட்டது என்போம், மரம் களைத்தது என்று சொல்ல மாட்டோம். உச்சத்தில் நிற்பவனைப் பார்த்துத்தான் அட்டைக்கு எடுக்கிறார்கள், உச்சத்துக்கு அடுத்தது பெரும்பாலும் இறக்கம்தான்.

தப்பியவர்களை யாரும் எண்ணுவதில்லை என்பது இன்னொன்று. 2012-இல் மேடன் அட்டையில் வந்த கால்வின் ஜான்சன், அதே பருவத்தில் எறிந்த பந்தைப் பிடித்து மொத்தம் 1,964 கஜம் சேர்த்து, ஜெர்ரி ரைஸ் 1995-இல் படைத்த சாதனையை முறியடித்தார். மேடன் அட்டையில் வந்த பாட்ரிக் மஹோம்ஸ் 2019 அக்டோபரில் முழங்கால் சில்லு நழுவி இரண்டே ஆட்டங்களை இழந்தார். ஆனால் 2020 பிப்ரவரியில் அமெரிக்கக் காற்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றார். சாபக்காரர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். ஃபிஃபா 13 முதல் 16 வரை தொடர்ந்து அட்டையில் இருந்த மெஸ்ஸி, 2015-இல் பார்சிலோனாவோடு மூன்று கிண்ணங்களை வென்றார். 1999-இல் காயம் எதுவுமின்றித் தாமாகவே ஓய்வு பெற்ற பேரி சாண்டர்ஸையும் மேடன் சாபப் பட்டியலில் சேர்த்திருப்பது எனக்குச் சிரிப்பையே தருகிறது.

ரப்பர்கொட்டை:
அந்தத் திடலின் வலப்பக்கக் கோல் கம்பத்தருகே மழைநீர் நின்று குழி விழுந்திருக்கிறது. அட்டைப்படத்தைவிட அதற்குத்தான் நான் அஞ்சுவேன்.

செம்மண்சாலை:
அனைவருக்கும் நன்றி. ரம்புத்தான் கணக்கை மகனிடம் சொன்னேன், படம் கொடுக்கச் சம்மதித்துவிட்டான். என் தாயாரிடம் மெஸ்ஸியைப் பற்றிச் சொன்னபோது, "அந்தப் பிள்ளைக்கு வீட்டில் யாரோ ஒழுங்காகச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள்" என்றார். எலுமிச்சம்பழம் வாங்கியாகிவிட்டது; குழியை மூட இரண்டு மூட்டை மணல் சனிக்கிழமை வருகிறது.