வீட்டுக் குழுவில் ஓவன் சமோசா

நான், காலை 10:12
பெரியம்மா, நேற்று மாலை அப்பாவுக்காகக் கோதுமை மாவில் சமோசா செய்து, எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் வைத்து எடுத்தேன். எண்ணெய் மிகக் குறைவாக இருக்கட்டும் என்று நினைத்து, மாவில் ஒரே ஒரு தேக்கரண்டி விட்டு, சப்பாத்திக்குப் பிசைவதுபோல் மெத்தென்று பிசைந்தேன். மேல்தோல் பலகையாக இறுகிவிட்டது. மூன்று சமோசாக்கள் ஓரம் பிரிந்து மசாலா தட்டில் கொட்டிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே இருந்த கிழங்கை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். எங்கே தவறியது என்று சொல்லுங்கள்.

பெரியம்மா, காலை 10:31
கண்ணு, எண்ணெயைக் குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்துவிட்டாய். பொரிக்கும்போது மாவிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தில் எண்ணெய் ஏறித் தோலை மொறுமொறுப்பாக்குகிறது. ஓவனில் இருப்பதோ வறண்ட சூடான காற்று. அது ஈரத்தை வாங்கிக்கொள்ளுமே தவிர, எதையும் திருப்பித் தராது. ஆகவே மொறுமொறுப்புக்கு வேண்டிய கொழுப்பை நாமே முன்கூட்டி மாவுக்குள் வைத்துவிட வேண்டும்.

200 கிராம் கோதுமை மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, உப்பும், உள்ளங்கையில் நசுக்கிய அரைத் தேக்கரண்டி ஓமமும் சேர்த்து, தண்ணீர் படுவதற்கு முன்பே விரல் நுனிகளால் ஐந்து நிமிடம் பிசிற வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடி கொழுக்கட்டைபோல் விரல் தடத்தோடு நிற்க வேண்டும். உதிர்ந்தால் எண்ணெய் போதவில்லை என்று பொருள். எண்ணெய் மாவுத் துகள்களைப் பூசிக்கொள்வதால், பிறகு தண்ணீர் விட்டாலும் மாவு ரப்பர்போல் இழுபடாது. தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வை. கோதுமையிலுள்ள தவிடு நீரை மெதுவாகத்தான் குடிக்கும். அந்த அரை மணி நேரத்தைக் குறைத்தால் தேய்க்கும்போது ஓரங்கள் வெடிக்கும்.

அப்பா, காலை 10:40
அண்ணி, மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்கும்போது மூன்று மேசைக்கரண்டி என்பது அதிகம் இல்லையா?

பெரியம்மா, காலை 10:52
கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம், தம்பி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், அதாவது ஏறக்குறைய 120 கலோரி. மாவுக்கு மூன்று, தாளிக்கவும் மேலே தடவவும் ஒன்று என்று நான்கு கரண்டி வைத்தால் மொத்தம் 480 கலோரி. இந்த மாவில் பன்னிரண்டு சமோசா வரும் என்பதால், ஒன்றுக்கு எண்ணெயிலிருந்து 40 கலோரிதான். பொரிக்கும்போது எவ்வளவு உறிஞ்சியது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. இங்கே நாம் அளந்து ஊற்றியது மட்டுமே உள்ளே போகிறது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை மறுபடி காய்ச்ச வேண்டிய கவலையும் இல்லை. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில், அது சிதைவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லிருந்து விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளந்து பார்க்க யாரிடம் கருவி இருக்கிறது?

சித்தி, காலை 11:05
அக்கா சொன்னதோடு பூரணத்தையும் கவனிக்க வேண்டும். ஓரம் பிரிந்ததற்கு உள்ளே இருந்த ஈரம்தான் காரணமாக இருக்கும். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, முழுவதும் ஆறிய பிறகு உரித்து, மசிக்காமல் கையால் உடைத்துப் போடு. கிழங்கைப் பாதியாக்கி, மீதிக்குப் பச்சைப் பட்டாணியும் முளைகட்டிய பாசிப்பயறும் சேர்த்தால் நாரும் புரதமும் கூடும். ஒன்றிரண்டாகப் பொடித்த தனியா, சீரகம், இஞ்சி, பச்சைமிளகாய் ஆகியவற்றை வதக்கி, புளிப்புக்கு எலுமிச்சைச் சாற்றுக்குப் பதிலாக உலர்ந்த மாங்காய்ப் பொடி போடு. சாறு ஈரத்தைக் கூட்டிவிடும். பூரணம் தொட்டால் சில்லென்று இருக்கும் வரை ஆறவிடு. சூடாக அடைத்தால் உள்ளே ஆவி கட்டி, அடித்தோல் நமத்து, ஒட்டிய இடம் விட்டுவிடும்.

தங்கை, காலை 11:09
சித்தி, கூம்பு மடிப்பதுதான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

சித்தி, காலை 11:18
தேய்த்த வட்டத்தைப் பாதியாக வெட்டி, நேர்விளிம்பின் ஒரு பாதியில் மட்டும் தண்ணீர் தொட்டுத் தடவு. மறு பாதியை அதன்மேல் ஒரு விரல் அகலம் ஏறும்படி வைத்து, கூம்பை இடது கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே கட்டைவிரலை விட்டு ஒட்டிய இடத்தை நுனிவரை அழுத்து. முக்கால் பங்குக்கு மேல் அடைக்காதே. மூடும் முன் பின்பக்க விளிம்பில் சின்னதாக ஒரு மடிப்பு வைத்தால், தட்டில் நிமிர்ந்து உட்காரும்.

நான், காலை 11:24
சூடு எவ்வளவு வைக்க வேண்டும், பெரியம்மா?

பெரியம்மா, காலை 11:35
ஓவனை முன்கூட்டியே 180 டிகிரிக்குச் சூடாக்கி, மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி வை. சமோசாக்களின் எல்லாப் பக்கமும் எண்ணெயைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, இடைவெளி விட்டு அடுக்கி, இருபது நிமிடம் கழித்துத் திருப்பி, இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் விடு. பொரித்ததுபோல் செம்பொன் நிறம் வராது. நிறத்துக்காகக் காத்திருந்தால் மறுபடி பலகைதான். நகத்தால் தட்டினால் வெற்றொலி கேட்க வேண்டும். எடுத்ததும் கம்பி வலைமேல் ஆற வை.

அப்பா, காலை 11:41
எனக்குச் சர்க்கரையும் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஓவனில் வைப்பதால் எண்ணெய் குறையுமே தவிர, கோதுமையிலும் கிழங்கிலும் உள்ள மாவுச்சத்து குறையாது. ஆகவே எனக்கு இரண்டு போதும். அன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு சப்பாத்தியைக் குறைத்துக்கொள்கிறேன். தொட்டுக்கொள்ள இனிப்புச் சட்னி வேண்டாம், புதினாச் சட்னி போதும்.

நான், மாலை 5:48
இப்போதுதான் வெளியே எடுத்தேன். பன்னிரண்டில் ஒன்றுகூடப் பிரியவில்லை. உடைத்தபோது ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. அடிப்பக்கம் மட்டும் சற்று வெளுத்திருக்கிறது.

பெரியம்மா, மாலை 5:53
அடுத்த முறை தட்டை ஒரு படி கீழே வை, கண்ணு. அப்பா தோலோடு சாப்பிட்டாரா?

அப்பா, மாலை 5:59
இரண்டையும் தோலோடு சாப்பிட்டேன், அண்ணி.