கண் திறந்தபடி செய்த ஜெபம்

பாளையங்கோட்டைத் தகப்பன்:

சேகரத்து ஐயரும் (எங்கள் சபைப் போதகர்) சபை மூப்பர் இருவரும் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பது எப்படியிருக்கும் என்று இங்குள்ள பலருக்கும் தெரியும். என் மகளுக்கு ஒன்பது வயதில் வலிப்பு தொடங்கி, ஓராண்டுக்குள் மூன்று முறை மருந்தை மாற்றியும் நிற்காத நிலையில், ஒரு சனிக்கிழமை மாலை அவர்கள் வந்தார்கள். வியாதிப்பட்டவனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் வேதாகமத்தின் யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தை வாசித்து முடித்ததும் அனைவரும் கண்களை மூடினார்கள், நான் மூடவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அவள் பள்ளி வராந்தாவில் விழுந்து நெற்றியில் நான்கு தையல் போட்டிருந்தார்கள். அந்தத் தையலில் படாமல் ஐயர் விரலை நகர்த்தி எண்ணெய் பூசுவதையே பார்த்துக்கொண்டு, இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது என் மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து நேராக என்னைப் பார்த்தாள். தகப்பன் ஜெபிக்கவில்லை என்பதை அவள் கண்டுகொண்டாள் என்று நினைத்துக் கூசிப்போனேன். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அன்று இரவு இரண்டு மணிக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. அது அடங்கி அவள் அயர்ந்து தூங்கியபின் கட்டிலருகே முழங்காற்படியிட்டேன், ஜெபம் வரவில்லை. மாற்கு 9-ஆம் அதிகாரத்துத் தகப்பனும் இப்படி நுரைதள்ளி விழும் பிள்ளையைத்தானே இயேசுவிடம் கொண்டுவந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே" என்ற முதற்பாதியை என்னால் சொல்ல முடியவில்லை. "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்ற பிற்பாதியை மட்டும் விடியும்வரை சொன்னேன். முதற்பாதியைச் சொல்லத் துணிவு வருவதற்கு மூன்று மாதங்கள் ஆயின. இப்போது 16 மாதங்களாக வலிப்பு இல்லை. மாத்திரை தொடர்கிறது; ஆனாலும் இது கர்த்தர் தந்த சுகம் என்பதில் எனக்கு இன்று ஐயமில்லை. அந்த மாலை என் அவநம்பிக்கை அவளுடைய சுகத்தைத் தள்ளிப்போட்டுவிட்டதோ என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

நாகை மகள்:

எனக்கு நேர்ந்தது வேளாங்கண்ணியில். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆறாவது கீமோ முடிந்ததும் மாதா குளத்துக்குச் செல்லும் மணல்பாதையில் முழங்காலில் நடப்பதாக அவர் நேர்ந்திருந்தார். பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் எனக்கு அதில் சிறிதும் மனம் ஒப்பவில்லை. நோய்த்தொற்று வந்துவிடும் என்று வழியெல்லாம் சண்டையிட்டுக்கொண்டே போனேன். காணிக்கைக் கடையில் நோயுற்ற உடலுறுப்புகளின் தகட்டு உருவங்களை விற்ற பெண், அம்மாவின் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, எது வேண்டும் என்று கேளாமலே சரியான தகட்டை எடுத்துக் கொடுத்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது.

நண்பகல் வெயிலில் மணல் கொதித்தது. பாதி தூரத்தில் அம்மாவால் முடியவில்லை. காவிச் சேலை உடுத்தி நடைப்பயணமாய் வந்திருந்த, நாங்கள் முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள், தம் தோளில் கிடந்த துண்டை அம்மாவின் முழங்காலுக்கு முன்னே விரித்தார். அம்மா அதைக் கடந்ததும் பின்னாலிருந்து எடுத்து, உதறி, மறுபடியும் முன்னே விரித்தார். மூன்றாம் முறை அந்தத் துண்டின் மறுமுனையை என் கை பிடித்திருந்தது. நான் எப்போது குனிந்தேன், எப்போது மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. கல்லூரிக் காலத்துக்குப் பின் நான் சொன்ன முதல் செபம் அதுதான்.

அம்மா அதன்பின் இரண்டு ஆண்டுகளும் ஏழு மாதங்களும் வாழ்ந்தார். செபம் கேட்கப்படவில்லை என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். அந்தத் துண்டைப் பிடித்திருந்தவள் நான். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

மார்த்தாண்டத்து அண்ணன்:

பாளையங்கோட்டைச் சகோதரரே, உங்கள் கடைசிக் கேள்வியை நான் கடுமையாக மறுக்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விதான் என் தம்பியைக் கொல்லப் பார்த்தது. அவனுக்குச் சிறுவயதிலிருந்தே முதல்வகை நீரிழிவு. ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சுகத்தைக் கேட்பது அவிசுவாசம் என்று பிரசங்கியார் அவனிடம் சொன்னார். அவன் நிறுத்திவிட்டான். தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கதவில் அந்த இன்சுலின் குப்பிகள் தொடப்படாமல் நின்றன. நான் அவற்றைப் பார்த்தேன்; பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். என் சந்தேகம் அவன் சுகத்துக்குத் தடையாகிவிடும் என்று அஞ்சி மூன்று நாட்கள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வாந்தி, மேல்மூச்சு. மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாட்கள் கிடந்து பிழைத்தான். வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறீர்கள் என்று அந்தப் பிரசங்கியார் தொலைபேசியில் சொன்னார்.

சந்தேகப்படாமல் கேட்கக்கடவன் என்ற வசனத்தை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதற்கு முந்தைய வசனத்தையும் வாசிக்க வேண்டும். யாக்கோபு அங்கே பேசுவது ஞானத்தைக் கேட்பதைப் பற்றி. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் எழுதினார். தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியோடே விட்டுவந்தார். முள் என்று தாமே சொன்ன தம் சரீர வேதனை நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்ட அவருக்கு "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? மாற்குவில் வரும் தகப்பனின் அவிசுவாசம் நீங்கட்டும் என்று இயேசு காத்திருக்கவும் இல்லை. அந்த நேரமே பிள்ளையைத் தொட்டுத் தூக்கினார். நாகைச் சகோதரியின் நேர்த்தி முறையில் எனக்கு உடன்பாடில்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் அந்தத் துண்டை விரித்த அம்மாளின் விசுவாசம் எனக்கு விளங்குகிறது.

தம்பி இப்போது ஒவ்வொரு காலையும் ஊசி போடுமுன் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறான். ஆலயத்துக்கே வரமாட்டேன் என்றிருந்த நான், அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் திரும்பி வந்தேன்.

ஓய்வுபெற்ற செவிலி:

நான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றவள். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய இடம் அது. அங்கே மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவருடைய கால்கள் திரும்பவில்லை, ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பயிற்சிக் காலத்தில், முதுகெலும்பு முறிந்த ஓர் இளைஞர் "ஜெபித்தால் நடப்பேனா, சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்டார். மேரி அம்மாவைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். பதில் தெரியாமல் போர்வையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தப் போர்வையின் நீலக் கரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பாளையங்கோட்டைத் தம்பிக்குச் சில சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 16 மாதங்கள் ஆயிற்று என்று மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பின்றிக் கடந்த பிறகே மருத்துவர்கள் அதைப் பற்றி யோசிப்பார்கள். அப்போதும் சிறிது சிறிதாகத்தான் குறைப்பார்கள். திடீரென நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாக வரலாம். மறுபடி எப்போதாவது வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குளியலறைக் கதவை அவள் தாழிட வேண்டாம்; ஆற்றுக்கும் கிணற்றுக்கும் தனியே போக வேண்டாம். இரவு கண் விழித்துப் படிக்க விடாதீர்கள், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். பள்ளி ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லிவையுங்கள். இரவு ஜெபம் முடிந்த கையோடு மாத்திரையைக் கொடுத்துப் பழக்கினால், இரண்டில் எதுவும் விடுபடாது.

பாளையங்கோட்டைத் தகப்பன்:

அனைவருக்கும் நன்றி. செவிலி அம்மா, குளியலறைத் தாழ்ப்பாளை இன்று காலையே கழற்றிவிட்டேன். மார்த்தாண்டத்து அண்ணனின் பதிவை இரண்டு முறை வாசித்த பிறகு, நேற்றிரவு என் மகளிடம் முதன்முறையாக அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். ஏன் கண்ணைத் திறந்தாய் என்றதற்கு, எண்ணெய் புருவத்தில் வழிந்து கண்ணுக்குள் இறங்கப் பார்த்ததாகவும், அதனால் என்னைப் பார்த்ததாகவும், நான் உடனே என் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டதாகவும் சொன்னாள். துடைத்தது எனக்கு நினைவில்லை.