நாளத்தின் வழியே ஏற்றும் மருந்தில் தவறு நேராமல் தடுப்பது எப்படி?

வெள்ளவத்தை மகள்

அனைவருக்கும் வணக்கம். கடந்த மாதம் என் அம்மா நுரையீரல் தொற்றுக்காகக் கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையில் பதினொரு நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்றார். ஐந்தாம் நாள் மாலை, நோயாளரைப் பார்க்க வருவோரால் விடுதி நிரம்பியிருந்த நேரத்தில், தாதி ஒருவர் மருந்து கலந்த சிறிய சேலைன் போத்தலுடன் வந்து, "சரஸ்வதி அம்மாதானே?" என்று கேட்டார். அம்மா "ஓம்" என்றார். போத்தலைக் கம்பியில் தொங்கவிட்டுக் குழாயைக் கனுலாவில் (கை நாளத்தில் செருகியிருக்கும் சிறு குழாயில்) பொருத்தப் போகும் தறுவாயில்தான், அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டரில் கட்டில் இலக்கம் 14 என்று எழுதியிருப்பதை நான் கண்டேன். அம்மாவின் கட்டில் 17. பதினான்காம் கட்டிலிலும் ஒரு சரஸ்வதி இருந்தார். அவருக்குரிய அந்த மருந்து பென்சிலின் வகையைச் சேர்ந்தது. என் அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது.

நான் சொன்னதும் அந்தத் தாதி முகம் வெளிறி, என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அன்று மாலை அத்தனை நோயாளரையும் அவரும் இன்னொருவரும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் அங்கு நின்றிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. இத்தகைய தவறுகளைத் தடுக்க வைத்தியசாலைகள் உண்மையில் எவற்றைச் செய்கின்றன, எவற்றைச் செய்ய வேண்டும், பணிக்கு இடையூறு இல்லாமல் குடும்பத்தினர் எதைக் கேட்கலாம் என்பதைத் துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்

மகள், உங்கள் அம்மா நலமாக வீடு திரும்பியது பெரிய ஆறுதல். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் விடுதிகளில் பணிபுரிந்தவள். நீங்கள் விவரித்த தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிட்டது. "சரஸ்வதி அம்மாதானே?" என்று கேட்டால், காய்ச்சலில் கிடப்பவரும், காது மந்தமானவரும், சிங்களம் சரியாக விளங்காதவரும் ஓம் என்றே தலையசைப்பார்கள். "உங்கள் முழுப்பெயர் என்ன, வயது என்ன?" என்று கேட்டு, நோயாளியின் வாயாலேயே பதிலை வரவழைத்து, அதை டிக்கட்டுடனும் (கட்டிலிலுள்ள நோயாளர் குறிப்பேடு) பெயர் எழுதிய கைப்பட்டியுடனும் ஒப்பிட வேண்டும். கட்டில் இலக்கம் அடையாளமே அல்ல. ஒரே நாளில் ஒருவரை மூன்று கட்டில்களுக்கு மாற்றும் விடுதிகளில் நான் வேலை செய்திருக்கிறேன்.

கொழும்பில் மொழியும் ஒரு காரணம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மருந்துக் குறிப்பு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, பணி கைமாறும்போது விபரங்கள் சிங்களத்தில் சொல்லப்படுகின்றன, நோயாளியோ தமிழில் பேசுகிறார். "அலர்ஜி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு, தோலில் தடிப்பு வருவதை மட்டுமே அலர்ஜி என்று நினைத்து, முன்பு ஓர் ஊசி போட்டதும் மூச்சுத் திணறி மயங்கி விழுந்த ஓர் அம்மா "இல்லை" என்று பதில் சொன்னதை நான் நேரில் கண்டிருக்கிறேன். "எந்த மருந்துக்காவது முன்பு மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் வந்ததா?" என்று அவருடைய மொழியிலேயே கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

மருந்து கலக்கும் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு நோயாளிக்குரியதை மட்டுமே எடுத்து, கலந்தவுடனேயே பெயர், மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டிய பின்பே அடுத்ததைத் தொட வேண்டும். ஐந்து சிரிஞ்சுகளை ஒரே தட்டில் நிரப்பி வைத்து "எனக்குத் தெரியும்" என்று சொல்லும் பழக்கம்தான் என் அனுபவத்தில் மிக ஆபத்தானது. அந்த மேசையில் நிற்பவரிடம் "மிஸ், ஒரு நிமிடம்" என்று நாம் பேச்சுக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்தானது. குடும்பத்தினர் அந்த நேரத்தில் மட்டும் பொறுத்திருந்தால் அதுவே பெரிய உதவி.

மருந்தாளர், மருதானை

சகோதரி, தாதி அம்மா சொன்னவற்றை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் "கவனமாக இருங்கள்" என்ற அறிவுறுத்தலை மட்டும் நம்பியிருக்கும் வைத்தியசாலை பாதுகாப்பானது அல்ல என்பது என் உறுதியான கருத்து. களைத்துப்போன மனிதர் தவறு செய்யவே செய்வார். அந்தத் தவறு நோயாளியை எட்டாதபடி பொருட்களையும் இடத்தையும் ஒழுங்குபடுத்துவதே தடுப்பு.

செறிந்த பொற்றாசியம் குளோரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிலீற்றர் அம்பூல் (மூடிய சிறு மருந்துக் குப்பி) ஒன்றில் 20 மில்லிமோல் (இம்மருந்தை அளக்கும் அலகு) இருக்கும். அதைச் சேலைனில் ஐதாக்கி, சாதாரண விடுதியில் மணிக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலுக்கு மேற்படாமல் மெதுவாகவே ஏற்ற வேண்டும். அப்படியே நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கோ அது தூய நீர் அம்பூலைப் போலவே நிறமற்றுத் தெளிவாக இருக்கும். இரண்டும் ஒரே இழுப்பறையில் கிடந்தால், இரவு இரண்டு மணிக்கு எந்தக் கையும் மாறி எடுக்கலாம். 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் வைத்தியசாலைகளை மதிப்பிடும் அமைப்பு விடுத்த எச்சரிக்கையும், 2002ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான எச்சரிக்கையும் வலியுறுத்தியது ஒன்றுதான்: அந்த அம்பூலைப் பொது விடுதியிலிருந்து அகற்றி, ஏற்கெனவே ஐதாக்கிய பையை வழங்குங்கள். அம்பூலே இல்லாத இடத்தில் அதை மாறி எடுக்க முடியாது.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், ஒரு மில்லிலீற்றரில் 10 அலகு இருக்க வேண்டிய ஹெப்பரினுக்கு (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பதிலாக 10,000 அலகு கொண்ட குப்பிகள் மருந்து அலுமாரியில் வைக்கப்பட்டதால் மூன்று சிசுக்கள் இறந்தன. இரண்டு குப்பிகளின் சுட்டிகளும் நீல நிறம். எடுத்து வைத்தவரும் ஏற்றியவர்களும் அனுபவமுள்ளவர்களே.

எழுத்திலும் இதே ஆபத்து உண்டு. அலகு என்பதைக் குறிக்க U என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால், அவசரத்தில் அது பூச்சியமாகத் தெரிந்து 10 அலகு இன்சுலின் 100 ஆகிவிடும். நாளத்தில் ஏற்றும் பரசிற்றமோல் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் கொண்டது. ஒரு சிசுவுக்கு 40 மில்லிகிராம் என்று எழுதியதை 40 மில்லிலீற்றர் என்று வாசித்தால் பத்து மடங்கு போய்ச் சேரும். மருந்துகள் ஒன்றோடொன்று சேராமையும் உண்டு: கல்சியம் கலந்த ஹார்ட்மன் திரவத்துடன் செப்ட்ரியக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கலக்கக் கூடாது, வலிப்புக்கான பெனிற்றோயினைக் குளுக்கோசுத் திரவத்தில் கலந்தால் படிகம் படியும். இவற்றை ஓர் அட்டையில் அச்சிட்டு மருந்து கலக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வைக்க அதிகச் செலவில்லை.

இருவர் சரிபார்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. முதலாமவர் கணக்கைச் சொல்ல இரண்டாமவர் "சரி" என்றால் அது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாமவர் விடையைப் பார்க்காமல் தாமே கணக்கிட்டு, இரண்டு விடைகளும் பொருந்த வேண்டும்.

மட்டக்குளி வாசகர்

ஒரு சிறு சந்தேகம். அப்பா கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டால், சேலைன் சீக்கிரம் முடியட்டும் என்று குழாயிலுள்ள சக்கரத்தை நாங்களே திறந்துவிடுவோம். இதுவும் தவறாகுமா?

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்

தம்பி, கட்டாயம் தவறுதான். தயவுசெய்து இனிமேல் அதைத் தொடாதீர்கள். 500 மில்லிலீற்றரை நான்கு மணித்தியாலத்தில் ஏற்றச் சொன்னால், மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி விழ வேண்டும். தாதி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி அமைத்த வேகம் அது. உள்ளே பொற்றாசியமோ வன்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ கலந்திருந்தால், நீங்கள் திறந்துவிடுவது அப்பாவுக்கு ஓர் ஊசியை ஒரேயடியாகப் போடுவதற்குச் சமமாகிவிடும். இதய நோயாளிக்கு வெறும் சேலைன் வேகமாக ஏறினாலே நுரையீரலில் நீர் கோர்த்துவிடும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் தாதியைக் கூப்பிடுங்கள். போத்தலோடேயே அழைத்துப் போக முடியும்.

வெள்ளவத்தை மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மாலை நடந்ததை வைத்தியசாலைக்கு எழுத்தில் தெரிவிக்கலாமா என்று தயங்கினேன். அந்தத் தாதிக்குத் தண்டனை கிடைத்துவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

மருந்தாளர், மருதானை

தாதியின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதுங்கள், சகோதரி. ஒரே பெயருள்ள இருவர் ஒரே விடுதியில் இருந்தார்கள், கைப்பட்டி சரிபார்க்கப்படவில்லை, போத்தலில் கட்டில் இலக்கம் மட்டுமே இருந்தது என்ற மூன்று விடயங்களும் போதும். நோயாளியை எட்டாமல் தடுக்கப்பட்ட தவறுகளையும் பதிவு செய்தால்தான் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது தெரியவரும். அம்மாவின் கிளினிக் கொப்பியின் முன்னட்டையில், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் மூன்று மொழிகளிலும் எழுதிவிடுங்கள்; வணிகப் பெயர் கடைக்குக் கடை மாறும் என்பதால், மருந்தின் மூலப்பெயரையே எழுத வேண்டும்.

வெள்ளவத்தை மகள்

கைப்பட்டி பற்றி நான் யோசிக்கவே இல்லை. அம்மாவின் கையில் அது இருக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இன்றிரவே கடிதத்தை எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை அம்மாவுக்குக் கிளினிக். கொப்பியில் சிங்களத்தில் எழுத, பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.