ஸ்ப்ரே அடிச்சும் சின்னக் கரப்பான் திரும்பத் திரும்ப வருது

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டை, வாடகை வீடு. சிங்க் அடியில, ஃப்ரிட்ஜ் பின்னாடி சின்னச் சின்னக் கரப்பான். ஸ்ப்ரே அடிச்ச நாலாம் நாளே திரும்ப வருது. என்ன பண்ணலாம்?

பதில்: தலைக்குப் பின்னாடி ரெண்டு கருப்புக் கோடு இருந்தா ஜெர்மன் கரப்பான். முதல்ல ஸ்ப்ரேயை நிறுத்துங்க, அது பட்ட இடத்துல வைக்கிற ஜெல்லை (கரப்பான் தின்னு சாகுற பசை மருந்து) கரப்பான் தொடாது. பச்சைப்பயறு அளவுல பொட்டுப் பொட்டா ஜெல் வைங்க: அலமாரிக் கீல், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், பைப் சுவருக்குள்ள போற ஓட்டை. ஒரே இடத்துல அப்பினா வீண். காஞ்சா மாத்துங்க. ராத்திரி சிங்க்கைத் துணியால ஒட்டத் துடைச்சிடுங்க, அதுக்குத் தண்ணிதான் உயிர்.

பதில்: முட்டைக்கூடு ஒண்ணுல 30-40 குஞ்சு இருக்கும். பொரியுற வரை பெண் பூச்சி வால்பக்கம் ஒட்டியே சுமக்கும், மருந்து கூட்டுக்குள்ள இறங்காது. அதனால 3 வாரத்துல மறுபடி ஜெல் வைக்கணும்.

பதில்: ஈரம் படாத இடுக்குல போரிக் பவுடர், கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் தூவுங்க. குவிச்சா சுத்திக்கிட்டுப் போயிடும். குழந்தை கை எட்டுற இடத்துல வேண்டவே வேண்டாம். ராகி மூட்டை, கடை அட்டைப்பெட்டி மடிப்பையும் பிரிச்சுப் பாருங்க, அதுல ஒட்டித்தான் வீட்டுக்குள்ள வரும்.