வளர்ச்சி வீதம் ஏறியும் 1983 ஏன்? ஒப்படைக்கு உதவி தேவை

கொட்டியாரன் (மூதூர்):
தலைப்பு: பகிரப்பட்ட வளர்ச்சியும் (பலன் எல்லோருக்கும் போய்ச் சேரும் வளர்ச்சி) அரசியல் வன்முறையும். 'வளர்ச்சி வந்தால் வன்முறை குறையும்' என்று தொடங்கினால் இலங்கையே இடிக்குது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, வீதமும் ஏறியது; 1983இல் கலவரம், பிறகு போர். எங்கே பிழை? திருகோணமலைத் தரவை வைத்துச் செய்யலாமா?

நிலாவெளிக்காற்று:
சராசரியைப் பார்ப்பதுதான் பிழை. 1970–77 இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல காசு. சந்தை திறந்ததும் வெளிநாட்டுச் சரக்கு விலையை விழுத்தியது. நாட்டின் வீதம் ஏற, ஒரு பகுதியின் வருமானம் இறங்கியது. தரப்படுத்தல் (பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளைச் சரிக்கட்டும் முறை) அதற்கு முன்னரே தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியிருந்தது. இழப்பெல்லாம் ஒரே இனக்கோட்டில் விழுந்ததைக் கினிக் குணகம் (வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்) காட்டாது. அது வீட்டுக்கு வீடு அளக்கும், குழுவுக்குக் குழு அல்ல. (வருமானம் மட்டுமே போரைக் கொண்டுவந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.)

கன்னியா:
எந்தத் துறை என்பதும் பாருங்கோ. கொலம்பியாவில் கோப்பி விலை விழ, கோப்பிப் பகுதிகளில் வன்முறை கூடியது. எண்ணெய் விலை ஏற, எண்ணெய்ப் பகுதிகளிலும் கூடியது! கோப்பி கூலியாட்களை நம்பிய பயிர். கூலி குறைந்தால் ஆயுதக் குழுவுக்கு ஆள் சேரும். எண்ணெயோ கைப்பற்றுபவனுக்குத்தான் லாபம்.

வெருகலாறு:
தம்பி, வன்முறையும் வளர்ச்சியைத் தின்னும். ஒரே ஆண்டு எண்களை ஒப்பிட்டால் எது காரணம், எது விளைவு தெரியாது. ஆபிரிக்காவின் 41 நாடுகளை 1981–99 வரை எடுத்த ஆய்வு அதற்காகத்தான் மழையைப் பிடித்தது: மழை விளைச்சலை மாற்றும், சண்டை மழையை மாற்றாது. வளர்ச்சி 5 சதவீதப் புள்ளி விழுந்தால் மறு ஆண்டு உள்நாட்டு மோதலுக்கான வாய்ப்பு பாதியளவு கூடும் என்று கண்டது.

அதை அப்படியே இங்கே போட்டால் சறுக்கும். மூதூர்ப் பக்க அல்லை நீர்ப்பாசனத் திட்ட வயலுக்கு மகாவலித் தண்ணீர் வெருகலாறு வழியாக வருகிறது. மூதூர் மழைமானி சிறுபோக (வறண்ட பருவ) விளைச்சலைச் சொல்லாது. 2006 யூலையில் மாவிலாற்று மதகு பூட்டப்பட்டபோது தண்ணீரை நிறுத்தியதே சண்டைதான். ஆகவே மழையை மட்டும் நம்பிய மானாவாரிப் பெரும்போக (மாரிப் பருவ) காணிகளை மட்டும் பிரித்தெடுங்கள். மாவட்டச் சராசரியும் வேண்டாம்: துறைமுகம், மா ஆலை, சீமெந்து ஆலை எல்லாம் பட்டினப் பக்கம், வெருகல் மாதிரி விவசாயப் பகுதி அதில் மறைந்துபோகும். பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் போங்கள்.

கொட்டியாரன்:
நன்றி அண்ணா. மானாவாரிப் பரப்பை எங்கே கேட்பது?

வெருகலாறு:
கமநல சேவை நிலையத்தில், போகம் போகமாக.